384 பேரைக் கேட்பதா, 12 பேரோடு உட்கார்ந்து பேசுவதா?
சுற்றுலா ஆய்வில் எண்ணும் சொல்லும்

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்தைப் பலரும் ‘கண்ணாடிக் கோயில்’ என்றே அழைக்கிறோம். 1922ஆம் ஆண்டில் ஒரு சிறிய கொட்டகையாகத் தொடங்கிய ஆலயம் அது. இன்று அதன் சுவர்களிலும் தூண்களிலும் கூரையிலும் சுமார் 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டு மின்னுகின்றன. கும்பிட வரும் பக்தர்கள் ஒரு பக்கம், பார்க்க வரும் சுற்றுப்பயணிகள் இன்னொரு பக்கம் என்று இரு வகையினர் அங்கே வருகிறார்கள்.

மாணவர்களே, இந்த ஆலயத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: ஒரு சனிக்கிழமையில் அங்கே எத்தனை சுற்றுப்பயணிகள் வருகிறார்கள்?

இரண்டாவது கேள்வி: கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியின் அருகில் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார். அப்போது அந்தப் பாட்டியின் மனத்தில் என்ன தோன்றுகிறது?

முதல் கேள்விக்கு வாசலில் நின்று எண்ணினால் போதும். இரண்டாவது கேள்விக்கு நாள் முழுதும் எண்ணினாலும் விடை கிடைக்காது. அந்தப் பாட்டியோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் கவனிக்க வேண்டும்.

சுற்றுலாவை ஆராய்கிறவர்கள் எல்லாருக்கும் முதல் நாளே வந்து நிற்கும் சிக்கல் இதுதான். எண்ணி அளந்து கணக்குப் போட்டு விடை தேடுவது அளவுசார் ஆய்வு. பேசி, கேட்டு, உடனிருந்து பார்த்து, சொற்களில் விடை தேடுவது பண்புசார் ஆய்வு. இந்த இரண்டில் எதை எப்போது கையில் எடுப்பது?

2026ஆம் ஆண்டை ‘ஜொகூருக்கு வருகை தரும் ஆண்டு’ என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும்போது சாலை, கழிப்பறை, வாகன நிறுத்துமிடம், கடை உரிமம் என்று எத்தனையோ முடிவுகள் எடுக்கப்படும். அந்த முடிவுகளுக்கு அடிப்படை ஆய்வுதான். தவறான ஆய்வுமுறையைத் தேர்ந்தெடுத்தால் தவறான இடத்தில் பணம் போய்ச் சேரும். யாருடைய குரலைக் கேட்க வேண்டுமோ அவர் விடுபட்டுப் போவார்.

எண்ணுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

எண்ணுவது எளிது என்று நினைக்கிறோம். ஜொகூர் கடற்பாலத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலமும் 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் ஜொகூரைச் சிங்கப்பூரோடு இணைக்கின்றன. தினமும் லட்சக்கணக்கானோர் அவற்றைக் கடக்கிறார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஜொகூர்க்காரர் அதில் இருக்கிறார். மதியம் வந்து சாப்பிட்டு, காருக்கு எண்ணெய் நிரப்பி, மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பும் சிங்கப்பூர்க் குடும்பம் இருக்கிறது. இரண்டு நாள் தங்கி லெகோலேண்ட் பார்த்துவிட்டுப் போகிறவரும் இருக்கிறார். இவர்களில் யார் சுற்றுப்பயணி?

இதற்கு ஐ.நா.வின் சுற்றுலா அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. தாம் வழக்கமாகப் புழங்கும் சூழலுக்கு வெளியே ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்குச் செல்கிறவர் வருகையாளர். அங்கே உள்ள முதலாளியிடம் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கச் செல்கிறவர் இதில் சேரமாட்டார். வருகையாளர்களில் குறைந்தது ஓர் இரவாவது தங்குகிறவர் சுற்றுப்பயணி. தங்காமல் அன்றே திரும்புகிறவர் ஒருநாள் வருகையாளர்.

இந்த வரையறையால் என்ன மாற்றம் வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் சுமார் 25 மில்லியன் பேர். அதே ஆண்டு வந்த வெளிநாட்டு வருகையாளர்கள் சுமார் 38 மில்லியன் பேர். இரண்டும் அதிகாரப்பூர்வக் கணக்குகள்தாம். இரண்டும் சரிதான். இடையில் உள்ள 13 மில்லியன் பேர் தங்காமல் திரும்பியவர்கள்.

அந்த 13 மில்லியன் பேருக்கு ஒரு ஹோட்டல் அறைகூடத் தேவைப்படவில்லை. ஆனால் அவர்களுக்குச் சாலை வேண்டும், உணவுக்கடை வேண்டும், கழிப்பறை வேண்டும். 38 மில்லியன் என்ற எண்ணை நம்பி ஒருவர் ஹோட்டல் கட்டினால் அறைகள் காலியாகக் கிடக்கும். 25 மில்லியன் என்ற எண்ணை மட்டும் நம்பி ஒரு நகராண்மைக் கழகம் வாகன நிறுத்துமிடத்தைத் திட்டமிட்டால் சனிக்கிழமை மாலையில் நகரமே நின்றுவிடும்.

ஆகவே அளவுசார் ஆய்வில் முதல் வேலை எண்ணுவது இல்லை. எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்வது. வாரந்தோறும் ஜொகூர் பாருவுக்கு வந்து காய்கறி வாங்கும் ஒருவருக்கு அந்த நகரம் ‘வழக்கமான சூழல்’ ஆகிவிட்டதா, இல்லையா? இந்த முடிவை எந்தக் கணினியும் நமக்காக எடுத்துத் தராது. மனிதர்களின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும். எண்ணுக்கு அடியிலும் ஒரு பண்புசார் கேள்வி ஒளிந்திருக்கிறது.

அது என்ன 384?

எல்லாரையும் கேட்க முடியாது. ஆகவே சிலரை மட்டும் கேட்கிறோம். அவர்களை ‘மாதிரி’ என்கிறோம். எத்தனை பேர் போதும்?

நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைப் புரட்டினால் 384 என்ற எண்ணை அடிக்கடி காணலாம். கிரெஜ்சி, மோர்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் உள்ள எண் அது. எப்படி வந்தது என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மாதிரியின் அளவு = (1.96 × 1.96 × 0.5 × 0.5) ÷ (0.05 × 0.05)

1.96 என்பது 95 விழுக்காடு நம்பிக்கைக்கான எண். 0.5 என்பது ‘பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள்’ என்ற நிலை. கணிப்பதற்கு மிகவும் கடினமான நிலை அதுதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். 0.05 என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை, அதாவது 5 விழுக்காடு. கணக்கிட்டால் விடை 384.16.

இப்போது பிழையை 10 விழுக்காடாக உயர்த்திக் கணக்குப் போடுங்கள். 96 பேர் போதும். 1 விழுக்காடாகக் குறைத்தால் 9,604 பேர் தேவை. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. துல்லியத்துக்கு விலை அதிகம்.

இன்னொரு வியப்பும் உண்டு. அதே அட்டவணையின்படி 1,000 பேர் உள்ள ஓர் இடத்துக்கு 278 பேர் தேவை. 10,000 பேருக்கு 370 பேர். 10 லட்சம் பேருக்கு வெறும் 384 பேர். குழம்பு நன்றாகக் கலக்கப்பட்டிருந்தால், சின்னச் சட்டியானாலும் பெரிய அண்டாவானாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டிதானே வேண்டும்!

‘நன்றாகக் கலக்கப்பட்டிருந்தால்’ என்பதுதான் இங்கே உயிர்நாடி. 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதில்களைத் திரட்டியது. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவரோ ரூஸ்வெல்ட், அதுவும் பெரும் வித்தியாசத்தில். கார் வைத்திருந்தவர்கள், தொலைபேசி வைத்திருந்தவர்கள் போன்றோரின் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததும், அனுப்பிய தாள்களுக்குச் சிலர் மட்டுமே பதில் போட்டதும் அந்தக் கணிப்பைக் கவிழ்த்துவிட்டன. 20 லட்சம் பேர் என்ற பெரிய எண் அந்தக் கோளாற்றைச் சரிசெய்யவில்லை.

கண்ணாடிக் கோயிலுக்கே வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், தமிழ் பேசுகிறவர்களிடம் மட்டும், சிரித்த முகத்தோடு நிற்பவர்களிடம் மட்டும் 384 வினாநிரல்களைக் கொடுத்து வாங்கினால், அதுவும் கலக்காத குழம்பில் எடுத்த கரண்டிதான். வார நாள், வார இறுதி, காலை, மாலை என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாசலைக் கடக்கும் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் கேட்பது என்பது போன்ற ஒரு விதியை வைத்துக்கொள்ள வேண்டும். யாரைக் கேட்பது என்பதை நம் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது. விதி தீர்மானிக்க வேண்டும்.

சொல் வேறு, செயல் வேறு

மாதிரி சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாநிரலில் மக்கள் எழுதுவது எல்லாம் உண்மையாகிவிடுமா?

1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் செய்த ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சீனர்கள் மீது கடுமையான வெறுப்பு நிலவியது. லாபியர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் சுமார் 16,000 கிலோமீட்டர் பயணம் செய்தார். தங்கும் விடுதிகளும் உணவகங்களுமாக மொத்தம் 251 இடங்களுக்குப் போனார்கள். அவற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்களை ஏற்க மறுத்தார்கள்.

பயணம் முடிந்து ஆறு மாதம் கழித்து, அந்த இடங்களுக்கெல்லாம் லாபியர் ஒரு வினாநிரலை அனுப்பினார். ‘சீனர்களை உங்கள் இடத்தில் விருந்தினராக ஏற்பீர்களா?’ என்பது கேள்வி. 128 பதில்கள் வந்தன. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ‘ஏற்கமாட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள்! அந்தத் தம்பதியைச் சில மாதங்களுக்கு முன்னால் உட்கார வைத்துச் சோறு போட்ட அதே இடங்கள்தாம் அவை.

லாபியர் இந்த ஆய்வை 1934இல் வெளியிட்டார். தாளில் கேட்டால் கிடைக்கும் பதிலும் வாசலில் நடக்கும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டியது. நேரில் உடனிருந்து பார்த்திராவிட்டால் அவருக்கு இது தெரிந்தே இருக்காது.

ஆனால் இந்த ஆய்விலும் ஓட்டைகள் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும், அன்று வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா? தெரியாது. அந்தத் தம்பதி நன்றாக உடுத்தியிருந்தார்கள், சிரித்துப் பேசினார்கள், கூடவே ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். தனியாகப் போயிருந்தால் அதே வரவேற்பு கிடைத்திருக்குமா? ஓர் ஆய்வைப் படித்தவுடன் இப்படிக் கேட்கப் பழகிக்கொள்வது அறிவியலுக்கு நல்லது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ‘சுற்றுப்பயணிகள் வருவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள்’ என்று கேட்டால், விருந்தாளியைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம்மவர்கள் பலரும் 4 அல்லது 5 என்றுதான் வட்டமிடுவார்கள். மனத்தில் உள்ள வருத்தம் அந்த வட்டத்துக்குள் அடங்காது.

காட்டோரத்துக் கிராமத்தில் 384 செல்லாது

ஜொகூரின் வடக்கே எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா இருக்கிறது. 1985-86இல் மலேசிய இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணம் அந்தக் காட்டின் அருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. காஹாங் வழியாக உள்ளே போனால், எண்டாவ் ஆற்றோரத்தில் கம்போங் பெத்தா வருகிறது. ஜக்குன் என்னும் ஓராங் அஸ்லி மக்கள் வாழும் கிராமம் அது. காட்டைத் தங்கள் வீடுபோல் அறிந்த அந்த மக்களில் சிலர் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள்.

அந்தக் கிராமத்துக்குச் சுற்றுலாவால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று அறிய விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 384 பேரைத் தேடுவது பொருளற்றது. சிறிய கிராமம் அது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. வினாநிரல் தயாரிக்க வேண்டுமானால் என்ன கேட்பது என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ‘உங்கள் வருமானம் உயர்ந்ததா?’ என்று நாம் கேட்போம். அவர்களுக்கோ வருமானத்தைவிட, முன்பு மீன் பிடித்த இடத்தில் இப்போது பிடிக்கலாமா என்பது பெரிய கேள்வியாக இருக்கலாம். காட்டுப் பொருள் சேகரிப்பது, பிள்ளைகள் காட்டை மறந்துபோவது, விருந்தாளிக்குக் காட்டக் கூடாத இடங்கள் என்று நாம் நினைத்தே பார்க்காத விஷயங்கள் அவர்கள் மனத்தில் இருக்கலாம். நம் தாளில் இல்லாத கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது.

இங்கேதான் பண்புசார் ஆய்வு கைகொடுக்கிறது. ஆய்வாளர் ஐந்தாறு திறந்த கேள்விகளோடு போகிறார். ‘சுற்றுப்பயணிகள் வந்த ஒரு நாளை எனக்குச் சொல்லுங்கள்’ என்று தொடங்குகிறார். பதில் போகும் திசையில் அடுத்த கேள்வி பிறக்கிறது. சில நாள்கள் தங்கி, யார் படகு ஓட்டுகிறார், யார் சமைக்கிறார், யார் பணத்தை வாங்குகிறார் என்று பார்க்கிறார். பேச்சை அனுமதியோடு பதிவு செய்து, சொல் பிசகாமல் எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு வரிக்கும் குறியீடு கொடுத்து, ஒத்த குறியீடுகளைச் சேர்த்துக் கருப்பொருள்களைக் கண்டெடுக்கிறார். முடிவைக் கிராமத்தாரிடமே கொண்டுபோய் ‘நான் புரிந்துகொண்டது சரிதானா?’ என்று கேட்கிறார். இது கதை கேட்டுவிட்டு வருவது போன்ற வேலை இல்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்கவே பல மணி நேரம் பிடிக்கும்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்? புதிய செய்தி வருவது நிற்கும்வரை பேச வேண்டும் என்பது விதி. இதைச் ‘செறிவுநிலை’ என்பார்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்தே பார்த்தது. கானா, நைஜீரியா ஆகிய இரு நாடுகளில் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை அந்த ஆய்வாளர்கள் வரிசையாக அலசினார்கள். முக்கியக் கருப்பொருள்கள் அநேகமாக எல்லாமே முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டன. அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஒத்த பின்னணி கொண்டவர்கள், பேசிய விஷயமும் குறுகியது. பலதரப்பட்ட மக்களிடம் பேசினால் 12 போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பண்புசார் ஆய்வுக்கு எல்லையும் உண்டு. ‘12 பேரில் 9 பேர் குறை சொன்னார்கள், ஆகவே ஜொகூர் மக்களில் 75 விழுக்காட்டினர் சுற்றுலாவை விரும்பவில்லை’ என்று எழுதினால் அது பெரும் பிழை. அந்த 12 பேர் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்கள் அல்லர். ‘இப்படிப்பட்ட குறைகள் இருக்கின்றன, அவற்றுக்குக் காரணம் இது’ என்று சொல்லலாம். ‘இத்தனை விழுக்காடு’ என்று சொல்லக் கூடாது.

இன்னொரு செய்தி. ஓராங் அஸ்லி கிராமங்களில் ஆய்வு செய்ய ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதி வேண்டும். கிராமத்தாரின் சம்மதமும் வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார், அதன் விளைவோடு வாழப்போகிறவர்கள் அந்த மக்கள்.

வளைகோடும் மனநிலையும்

சுற்றுலா ஆய்வில் இரு வழிகளும் ஒன்றையொன்று எப்படி நிரப்புகின்றன என்பதற்கு இரண்டு பழைய கோட்பாடுகளைப் பார்க்கலாம்.

ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980இல் ஒரு வளைகோட்டை வரைந்தார். ஓர் இடத்துக்கு முதலில் சிலர் வருவார்கள். பிறகு கூட்டம் வேகமாகப் பெருகும். ஒரு கட்டத்தில் தேங்கி நிற்கும். அதன்பின் அந்த இடம் சரியும், அல்லது புதுப்பிக்கப்பட்டு மீண்டும் எழும். கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் வருகையாளர் எண்ணிக்கை. இது எண்ணின் கதை.

ஜார்ஜ் டாக்சி 1975இல் இன்னொரு கதையைச் சொன்னார். பார்படோஸ் தீவிலும், கனடாவின் நயாகரா-ஆன்-தி-லேக் ஊரிலும் உள்ளூர் மக்களின் மனநிலையைக் கவனித்து அவர் நான்கு படிகளைப் பிரித்தார். முதலில் மகிழ்ச்சி, பிறகு அக்கறையின்மை, அதன்பின் எரிச்சல், கடைசியில் பகை. இது மனத்தின் கதை.

பொந்தியான் மாவட்டத்தில் உள்ள குக்குப் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். கடல்மேல் தூண்களில் நிற்கும் வீடுகள், கடலுணவுக் கடைகள், மீன்பண்ணைகள் என்று வார இறுதியில் சுற்றுப்பயணிகளை ஈர்க்கும் மீனவக் கிராமம். அங்கே பட்லரின் வளைகோட்டை வரைய வருகையாளர் எண்ணிக்கை வேண்டும். டாக்சியின் படிகளில் அந்த ஊர் எங்கே நிற்கிறது என்று அறிய மக்களோடு பேச வேண்டும். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே மனநிலை இறங்கிக்கொண்டிருக்கலாம். வளைகோட்டை மட்டும் பார்ப்பவர் ‘ஊர் செழிக்கிறது’ என்பார். ஊராரிடம் மட்டும் பேசியவர் ‘ஊர் சலித்துவிட்டது’ என்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எச்சரிக்கை மணி கேட்கும்.

டாக்சியின் கோட்பாட்டுக்கும் மறுப்பு உண்டு. ஓர் ஊர் முழுவதற்கும் ஒரே மனநிலை இருக்குமா? கடலுணவுக் கடை நடத்துகிறவருக்குக் கூட்டம் வருமானம். பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்துத் தூங்குகிறவருக்கு அதே கூட்டம் இரைச்சல். யார் எந்தப் பக்கம், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று பிரித்து அறிய மறுபடியும் எண்ண வேண்டியிருக்கிறது.

ஆகவே இன்று பல ஆய்வாளர்கள் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். இதைக் கலப்புமுறை ஆய்வு என்பார்கள். முதலில் 12 பேரோடு பேசி, எவையெல்லாம் முக்கியம் என்று கண்டுபிடித்து, அதைக் கொண்டு வினாநிரல் தயாரித்து 384 பேரைக் கேட்கலாம். அல்லது முதலில் கணக்கெடுத்து, அதில் தெரியும் புதிருக்கு விடை தேடிச் சிலரோடு பேசலாம். கலப்புமுறைக்குக் காலமும் பணமும் இரட்டிப்பாகும். எல்லாக் கேள்விக்கும் அது தேவைப்படாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான்கு சோதனைகள்

1. கேள்வி எந்தச் சொல்லில் தொடங்குகிறது? ‘எத்தனை’, ‘எவ்வளவு’, ‘எது அதிகம்’ என்றால் அளவுசார் ஆய்வு. ‘ஏன்’, ‘எப்படி’, ‘என்ன உணர்கிறார்கள்’ என்றால் பண்புசார் ஆய்வு.

2. சாத்தியமான பதில்கள் நமக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் வினாநிரலில் கட்டங்கள் போடலாம். தெரியாவிட்டால் முதலில் போய்க் கேட்க வேண்டும்.

3. முடிவை எத்தனை பேருக்குப் பொருத்தப் போகிறோம்? மாநிலம் முழுவதற்கும் என்றால் முறையாக எடுத்த மாதிரி வேண்டும். ஓர் ஆலயம், ஒரு கிராமம், ஓர் அங்காடியை ஆழமாக அறிவது என்றால் நேர்காணலும் உற்றுநோக்கலும் வேண்டும்.

4. ஆய்வின் முடிவால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? தீமை வரக்கூடியவர்கள் எண்ணிக்கையில் சிலராக இருந்தால், விழுக்காட்டுக் கணக்கில் அவர்கள் மறைந்துவிடுவார்கள். 100 பேரில் 3 பேர் ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் என்றால், ‘97 விழுக்காட்டினர் திருப்தி’ என்ற முடிவில் அந்த மூவரின் குரல் கேட்காது. அப்போது அவர்களோடு தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

‘எனக்குக் கணக்கு வராது, அதனால் நேர்காணல்’ என்றோ, ‘எனக்குப் பேசக் கூச்சம், அதனால் வினாநிரல்’ என்றோ தேர்ந்தெடுக்கக் கூடாது. வசதி பார்த்து மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் நாம் போவோமா?

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் வரும் ஓர் இடம் நிச்சயம் இருக்கும். ஆலயம், இரவுச் சந்தை, நீர்வீழ்ச்சி, கடற்கரை, பெயர்பெற்ற தோசைக்கடை எதுவாகவும் இருக்கலாம். நான்கு பேர் கொண்ட குழுவாக, ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையோடு, அந்த இடத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.

இருவர் எண்ணட்டும். ஒரு சனிக்கிழமையும் ஒரு புதன்கிழமையும் தலா ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் தனித்தனியாக எண்ணிக் கடைசியில் ஒப்பிடுங்கள். இருவரின் எண்ணும் வேறுபட்டால் அஞ்ச வேண்டாம். ஏன் வேறுபட்டது என்று கண்டுபிடியுங்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தவரை ஒருவர் மறுபடியும் எண்ணியிருக்கலாம், தூக்கி வந்த குழந்தையை ஒருவர் விட்டிருக்கலாம்.

மற்ற இருவர் பேசட்டும். அங்கே தினமும் இருக்கும் மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர், துப்புரவுப் பணியாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வெவ்வேறு நிலையில் உள்ளவர்களாக இருந்தால் நல்லது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் வணக்கம் சொல்லி விலகிவிடுங்கள். ‘கூட்டம் அதிகமாக வந்த ஒரு நாள் எப்படி இருந்தது?’ என்று ஒரே கேள்வியில் தொடங்கி, இடைமறிக்காமல் கேளுங்கள். பெயரை எழுத வேண்டாம். ‘கடைக்காரர் 1’ என்று குறித்தால் போதும்.

பிறகு நால்வரும் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்கள் சொன்னதைச் சொற்கள் உறுதி செய்கின்றனவா, மறுக்கின்றனவா? புதன்கிழமை எண்ணிக்கை குறைவாக இருந்தும், துப்புரவுப் பணியாளர் ‘புதன்தான் எனக்குக் கஷ்டம்’ என்று சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் அங்கே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது. அதை ஒரே வாக்கியமாக உங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து எண்ணப் போவதா, பேசப் போவதா என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிடும்.